பாஹியா மொக்கேக்காவுக்கு டின் பால் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சமையல் பக்கத்தில் பிரேசிலின் மீன் குழம்பான மொக்கேக்காவின் செய்முறை போட்டிருந்தீர்கள். பிரேசில் சமையலைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பதே அபூர்வம், அதனால் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு டின் தேங்காய்ப்பாலை மீனோடு சேர்த்து ஊற்றி அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்க விடச் சொல்லியிருந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. நான் குடும்பத்தோடு பாஹியா மாநிலத்தின் தலைநகரான சால்வடோரில் இருக்கிறேன். இங்கே எனக்குத் தெரிந்த வீடுகளில் யாரும் மொக்கேக்காவை அப்படிச் செய்வதில்லை. அதைவிட முக்கியமாக, உங்கள் குறிப்பைப் படித்த ஒருவர் ஆசையாகத் தேங்காயை உடைத்துப் பால் எடுத்து, அதை நீங்கள் சொன்னபடியே அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் பால் திரிந்து, எண்ணெய் தனியாக, திப்பி தனியாக நிற்கும். தேங்காய் சரியில்லை என்றுதான் அவர் நினைப்பார், அடுத்த முறை டின்னுக்கே போய்விடுவார். அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

பாஹியா சமையலில் தேங்காய்ப்பால் என்றால் இரண்டு பால். தண்ணீரே விடாமலோ கொஞ்சமாக விட்டோ பிழியும் கெட்டிப்பால் ஒன்று, அதே சக்கையில் வெந்நீர் ஊற்றி மறுபடி பிழியும் தண்ணிப்பால் இன்னொன்று. முதல் பால், இரண்டாம் பால் என்று சொன்னாலே நம் வாசகர்களுக்குப் புரிந்துவிடும், விளக்கவே தேவையில்லை. அப்படியிருக்க, தமிழ்ப் பத்திரிகை ஒன்று இரண்டையும் கலந்து ஒரு டின் என்று எழுதியதுதான் எனக்கு ஆச்சரியம். தண்ணிப்பால் வேகவைப்பதற்கு, கெட்டிப்பால் இறக்குவதற்கு முன்னால் சேர்ப்பதற்கு. இந்த வரிசையில்தான் அந்தக் குழம்பின் ருசி இருக்கிறது.

இங்கேயும் கடைகளில் பால் விற்காமல் இல்லை. 200 மில்லி சின்னக் கண்ணாடி பாட்டில்கள் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் வரிசையாக நிற்கும், வேலைக்குப் போய்விட்டு வரும் பெண்கள் வார நாட்களில் அதைத்தான் வாங்குகிறார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் லேபிளைத் திருப்பிப் படித்தால் பாலோடு தண்ணீர், கெட்டியாக்க ஒரு பசை, கெடாமலிருக்க ஒரு மருந்து என்று பெரும்பாலும் இருக்கும். கொழுப்பு குறைத்த வகை வேறு தனியாக உண்டு. அந்தப் பசை இருப்பதால்தான் பாட்டில் பால் எவ்வளவு கொதித்தாலும் சட்டென்று திரிவதில்லை. உங்கள் செய்முறையை எழுதியவர் டின்னில் செய்து பார்த்து, நன்றாக வந்ததும் எழுதியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். அந்தச் சூடு வீட்டில் பிழிந்த பாலுக்கு ஆகாது.

காரணமும் சொல்லிவிடுகிறேன். தேங்காய்ப்பாலில் கொழுப்பு நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் மிதக்கிறது, ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் அவற்றைப் பிரித்து வைத்திருப்பது தேங்காயிலேயே உள்ள புரதம். ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் தாண்டினால் அந்தப் புரதம் வெந்து இறுக ஆரம்பிக்கும், பிடி தளர்ந்துவிடும், துளிகள் சேர்ந்து எண்ணெயாக மேலே வந்துவிடும். தேங்காய் எண்ணெய் காய்ச்சுகிறவர்களுக்கு வேண்டியது அதுதான். மொக்கேக்காவுக்கு வேண்டாம். அதனால்தான் கெட்டிப்பாலை ஊற்றியதும் தீயைச் சிறிதாக்கி, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வரும்போதே இறக்கிவிடுகிறார்கள்.

சரி, தேங்காய்க்கு வருகிறேன். பிரேசில் கடற்கரை என்றாலே பச்சைத் தேங்காயைச் சீவி உறிஞ்சு குழல் போட்டுக் கொடுக்கும் படம்தான் எல்லோர் மனதிலும் இருக்கும். அந்தக் காயில் பால் வராது. இளநீருக்கென்று குட்டை ரகத்தை வளர்க்கிறார்கள், முற்றிய காய்க்கு நெட்டை ரகம். சந்தையில் இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். தென்னை இந்த மண்ணின் மரமும் இல்லை. 1553 வாக்கில் போர்த்துகீசியர்கள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள கேப் வெர்டே தீவுகளிலிருந்து பாஹியாவுக்குக் கொண்டுவந்து நட்டது என்று சொல்கிறார்கள், பிரேசில் முழுக்க இதற்குப் பாஹியாக் காய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. செம்பனையும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான், அதன் எண்ணெயை இங்கே டெண்டே என்கிறார்கள். அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களின் கையில் டெண்டேயும் தேங்காய்ப்பாலும் ஒரே சட்டியில் சேர்ந்தன, இன்று பாஹியா சமையல் என்று நாம் சொல்வதில் பெரும் பகுதி அவர்கள் உண்டாக்கியது. மொக்கேக்கா பற்றி எழுதும்போது அவர்களைப் பற்றி ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சால்வடோரில் சாவ் ஜொவாக்கிம் சந்தை என்று ஒன்று, துறைமுகப் பக்கம் இருக்கிறது. டெண்டே எண்ணெய், உலர்ந்த இறால், முந்திரி, மிளகாய், மண்சட்டி, தேங்காய் எல்லாம் அங்கே கிடைக்கும். காயைக் கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், காதருகே வைத்துக் குலுக்கினால் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும், மூன்று கண்களும் காய்ந்து, பூசணம் இல்லாமல் இருக்க வேண்டும். கண் ஈரமாக இருந்தால் அந்தக் காயைத் தொடாதீர்கள், உள்ளே காற்றுப் போயிருக்கும். உடைத்த பிறகும் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டே அடுத்த வேலை. புளித்திருந்தாலோ சோப்பு மாதிரி வாடை வந்தாலோ முழுக்காயையும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான், ஒரு காய் காறலால் ஒரு சட்டி மீனும் வீணாகிவிடும்.

ஓட்டிலிருந்து தேங்காயை எடுக்க இங்குள்ளவர்கள் செய்யும் வழி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மூன்று கண்ணில் ஒன்று மென்மையாக இருக்கும், அதில் ஆணியோ கத்தி முனையோ குத்தித் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். பிறகு முழுக்காயை அப்படியே கேஸ் அடுப்புத் தீயில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள், அல்லது சூடான ஓவனில் 15, 20 நிமிடம் வைக்கிறார்கள். சிரட்டை படாரென்று விரிசல் விடும். துணியில் சுற்றி நாலு தட்டுத் தட்டினால் சிரட்டை கழன்று, உள்ளே பருப்பு பெரும்பாலும் உருண்டையாக முழுசாக வந்துவிடுகிறது. தண்ணீரை வடிக்காமல் மட்டும் தீயில் வைத்துவிடக் கூடாது, உள்ளே ஆவி கட்டி வெடிக்கும். விரிசல் விட்டதும் எடுத்துவிடவும் வேண்டும், ரொம்ப நேரம் விட்டால் பருப்பே வெந்து பாலில் வறுத்த வாசம் வந்துவிடும்.

வெளித்தோல், அந்தப் பழுப்பு நிறப் படலம், சீவ வேண்டுமா என்று கேட்பார்கள். மன்ஜார் என்று மக்காச்சோள மாவும் தேங்காய்ப்பாலும் போட்டு வெள்ளை வெளேரென்று ஒரு இனிப்பு செய்வார்கள், அதற்குச் சீவித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். மொக்கேக்காவில் டெண்டேயின் செம்மஞ்சள் நிறம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது, அங்கே சீவுவது வீண் வேலை.

அரைப்பது மிக்ஸியில்தான். சின்னத் துண்டுகளாக நறுக்கி, முதலில் அரை கப் வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும் விட்டு நன்றாக அரைத்துப் பிழிந்தால் கெட்டிப்பால். சக்கையைத் திரும்ப மிக்ஸியில் போட்டு இரண்டு கப் சூடான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் தண்ணிப்பால். தண்ணீர் கொதிக்கக் கூடாது, விரலை வைத்தால் சுருக்கென்று இருக்கும் சூடு போதும். கொதிநீரை மூடிய மிக்ஸியில் ஊற்றி ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கி அடித்து முகத்தில் தெறிக்கும், குழந்தைகள் நடமாடும் அடுப்படியில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது. பச்சைத்தண்ணீர் விட்டாலும் ஆகாது. தேங்காய்க் கொழுப்பு சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். சால்வடோர் வெயிலில் அந்தக் கவலை இல்லை, ஆனால் தெற்கே குரிட்டிபா, போர்ட்டோ அலெக்ரே பக்கம் ஜூன், ஜூலை குளிரில் சமைக்கிறவர்கள் தேங்காயை முதலில் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கொழுப்பு சக்கையிலேயே நின்றுவிடும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த தேங்காயை நேரே மிக்ஸியில் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான், ஜாடியின் ஓரமெல்லாம் வெண்ணெய் ஒட்டியது மாதிரி இருக்கும்.

பிழிகிற துணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வடிகட்டியை நம்பாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா அதற்கென்றே ஒரு பழைய பருத்தித் துணி வைத்திருக்கிறார், சோப்புப் போடாமல் வெந்நீரில் மட்டும் அலசிக் காயப்போடுவார். அரைத்ததை நடுவில் கொட்டி, நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து, இடது கையால் கழுத்தை இறுக்கிக்கொண்டு வலது கையால் கீழ்ப்பக்கத்தை மெதுவாக முறுக்குவார். முதலில் தாரையாக வரும், அப்புறம் சொட்டுச் சொட்டாக, கடைசியில் துணியின் மேலெல்லாம் வெண்மையாகக் கசியும். அந்தக் கடைசிக் கசிவுதான் அசல் சரக்கு என்று சொல்லி விரலால் வழித்துப் பாத்திரத்தில் சேர்ப்பார். உண்மைதான், அதைத் தொட்டுப் பார்த்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். நடுத்தரமான ஒரு காயில் ஏறத்தாழ ஒரு கப் கெட்டிப்பாலும் இரண்டு கப் தண்ணிப்பாலும் கிடைத்துவிடும். சக்கையைக் கேக் மாவில் சேர்க்கலாம், மரவள்ளி மாவோடு வறுத்து ஃபரோஃபாவில் போடலாம். கொக்காடா மிட்டாய்க்கு மட்டும் அதை எடுக்காதீர்கள், பிழியாத துருவல் இல்லாமல் கொக்காடா மெல்லவே முடியாது.

எடுத்த பாலை அன்றே செலவழிப்பது நல்லது. இதில் மருந்து எதுவும் இல்லை, புளிப்பும் இல்லை, வெளியே வைத்தால் வெயில் காலத்தில் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தால் இரண்டு நாள், போனால் மூன்று நாள். மறுநாள் திறந்து பார்க்கும்போது மேலே கட்டியாக ஒரு அடுக்கும் கீழே நீர்த்த பாலும் தனியாக நிற்கும், அது கெட்டுப்போனதல்ல. கொழுப்பு லேசானது, மேலே ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். லேசாகச் சுடவைத்துக் கலக்கினால் சேர்ந்துகொள்ளும். உறையவைத்தும் வைத்திருக்கலாம், ஆனால் உருகியதும் திப்பிதிப்பியாக இருக்கும் என்பதால் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டே சட்டியில் ஊற்ற வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டால் கிடைப்பது என்ன என்று கேட்டால், வட்டப்பா ஒன்றைச் சொல்லலாம். ரொட்டியைத் தண்ணிப்பாலில் ஊறவைத்து, உலர்ந்த இறால், முந்திரி, வேர்க்கடலை, இஞ்சி எல்லாம் அரைத்துச் சேர்த்து, மரக்கரண்டியால் கைவிடாமல் கிண்டி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது கெட்டிப்பாலும் டெண்டேயும் ஊற்றுகிறார்கள். சால்வடோர் தெருக்களில் வெள்ளை உடையும் தலைக்கட்டுமாக உட்கார்ந்து அக்கராஜே விற்கும் பெண்கள் அந்தக் காராமணி வடையைப் பிளந்து உள்ளே வைப்பது இந்த வட்டப்பாவைத்தான். அவர்களுடைய தொழிலை 2005இல் பிரேசில் அரசு நாட்டின் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்திருக்கிறது. வேகவைத்த மரவள்ளியை மசித்து இறாலோடு செய்யும் போபோ இருக்கிறது. ஃபெய்ஜாவ் டி லெய்ச்சே என்று, வெந்த பயறைத் தேங்காய்ப்பால் விட்டு அரைத்துக் காய்ச்சி, புனித வெள்ளியன்று மீனோடு பரிமாறுவது இருக்கிறது. சில வீடுகளில் அதில் சர்க்கரையும் போடுகிறார்கள், எனக்கு அது இல்லாததுதான் பிடிக்கும். ஜூன் மாத சாவ் ஜொவாவ் திருவிழாவுக்கு வெள்ளை மக்காச்சோளத்தைப் பாலில் குழைய வேகவைக்கும் முங்குன்சா இருக்கிறது. இவற்றில் எதிலும் தேங்காய்ப்பால் சும்மா மேலே ஊற்றும் அலங்காரம் இல்லை.

பாட்டில் பால் எங்கே பரவாயில்லை என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று தோன்றும். மன்ஜாருக்கு மக்காச்சோள மாவுதான் பிடிமானம், சர்க்கரையும் நிறைய, அங்கே பாட்டில் பால் பெரிதாகக் கெடுத்துவிடாது. கேக்குக்கும் அப்படியே. மொக்கேக்காவிலும், மரவள்ளி மாவில் சுட்ட பெய்ஜூவை ஊறவைத்துத் தின்னும்போதும்தான் வித்தியாசம் நாக்கில் உடனே தெரிகிறது.

இன்னொன்றும் உங்கள் பக்கத்தில் திருத்த வேண்டும். தலைப்பில் பிரேசில் மொக்கேக்கா என்று பொதுவாகப் போட்டு, பக்கத்தில் ஒரு கறுப்பு மண்சட்டியின் படம் வைத்திருந்தீர்கள். அந்தக் கறுப்புச் சட்டி எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்து அடையாளம். அதன் தலைநகர் விட்டோரியாவில் கோயபெய்ராஸ் என்ற பகுதிப் பெண்கள் சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்து, சுட்ட சூட்டோடு மரப்பட்டைச் சாற்றைத் தெளித்துக் கறுப்பாக்குகிறார்கள், அந்தக் கைத்தொழில் 2002இல் இதே தேசியப் பதிவில் முதலாவதாக இடம் பிடித்தது. அந்த ஊர் மொக்கேக்காவில் தேங்காய்ப்பால் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது, டெண்டேயும் கிடையாது. ஜாப்பிரா விதையில் நிறமேற்றிய எண்ணெய், தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, மீன், அவ்வளவே. எது உயர்ந்தது என்று இரண்டு மாநிலத்துக்காரர்களும் விடாமல் வாதாடுவார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும், ஆனால் ஒன்றின் சட்டியைக் காட்டி இன்னொன்றின் குழம்பைச் சொன்னால் அங்கே இருப்பவர்கள் வருத்தப்படுவார்கள்.

பாஹியா முறை இது, முடிந்தால் அடுத்த வாரமே போடுங்கள். நாலு பேருக்கு ஒரு கிலோ கெட்டியான வெள்ளை மீன், தடிமனான துண்டுகளாக. எலுமிச்சைச் சாறு, நசுக்கிய பூண்டு, உப்பு தடவி அரை மணி நேரம் ஊறட்டும். அகலமான மண்சட்டியில் வட்டமாக அரிந்த வெங்காயம் இரண்டு, தக்காளி மூன்று, பச்சையிலும் சிவப்பிலும் ஒவ்வொரு குடைமிளகாய், கைநிறையக் கொத்தமல்லி, இவற்றில் பாதியைப் பரப்பி, மேலே மீனை அடுக்கி, மீதியால் மூட வேண்டும். தண்ணீர் வேண்டாம், அரை கப் தண்ணிப்பால் மட்டும் ஓரமாக ஊற்றி, மூடி போட்டு, நடுத்தரத் தீயில் 15 நிமிடம். காய்கறியே நீர் விட்டுக்கொள்ளும். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, மீன் உடையும், சட்டியைப் பிடித்து லேசாக ஆட்டினால் போதும். மீன் வெந்ததும் தீயைச் சிறிதாக்கி, ஒரு கப் கெட்டிப்பாலையும் மூன்று மேசைக்கரண்டி டெண்டேயையும் சுற்றிலும் ஊற்றி, ஓரம் குமிழியிடத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். மிச்சத் தண்ணிப்பாலில் சோறு வடித்தால் இதற்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. டெண்டே கிடைக்காதவர்கள் வேறு எண்ணெயில் கொஞ்சம் மஞ்சள் தூள் போட்டு நிறத்துக்காகச் சமாளிக்கலாம் என்று உங்கள் குறிப்பில் இருந்ததைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். டெண்டே இல்லையென்றால் பாலை மட்டும் நன்றாக எடுத்து, அதை மட்டும் வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
சால்வடோர், பிரேசில்